உப்புக் காற்றடிக்கும் ஊரில் டைகாஸ்ட் சேகரிப்பு: வரையறுத்த பதிப்புக் கார்களையும் லொறிகளையும் தெரிவுசெய்வது முதல் பேணுவது வரை

டைகாஸ்ட் எனப்படும், உலோகத்தில் வார்த்த சிறு மாதிரி வண்டிகளைச் சேகரிப்பது பற்றி எழுதப்படும் குறிப்புகளிற் பெரும்பாலானவை எதை வாங்குவது, எங்கே வாங்குவது என்ற இரண்டு கேள்விகளோடு முடிந்துவிடுகின்றன. குளிரான, உலர்ந்த நாட்டில் வாழ்பவருக்கு அது போதுமாக இருக்கலாம். திருகோணமலையில் அது போதாது. ஒல்லாந்தர் குடாவை அண்டிய வீடாயினும், உவர்மலையில் உள்ள வீடாயினும், உப்புவெளி, நிலாவெளிப் பக்கமாயினும், கடற்காற்று எட்டாத அறை இந்த நகரில் அரிது. இங்கே ஒரு சேகரிப்பு இருபது ஆண்டுகள் நிலைக்குமா, ஐந்து ஆண்டுகளிற் பொரிந்துபோகுமா என்பதை வாங்கும் திறமையை விடப் பேணும் திறமையே தீர்மானிக்கிறது. ஆகவே குறைவாக வாங்குங்கள், ஆராய்ந்து வாங்குங்கள், வாங்கும்போதே அது எங்கே இருக்கப்போகிறது என்பதையும் முடிவுசெய்யுங்கள் என்பதே இந்த வழிகாட்டியின் அடிப்படை.

முதலாம் படி: உலோகத்தை அறிந்துகொள்ளுங்கள்

உருக்கிய உலோகத்தை உயர் அழுத்தத்தில் எஃகு அச்சினுள் செலுத்தி வார்ப்பதே டைகாஸ்ட் முறை. மாதிரி வண்டிகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது சமாக் எனப்படும் கலப்புலோகம். அதன் பெரும்பகுதி நாகம், அதாவது துத்தநாகம். ஏறத்தாழ 4 சதவீதம் அலுமினியம். மிகச் சிறிதளவில் மக்னீசியமும், சில வகைகளிற் செம்பும் சேர்கின்றன. 1929இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி சிங்க் நிறுவனம் இதை உருவாக்கியபோது, 99.99 சதவீதம் தூய்மையான நாகத்தைக் கொண்டு வார்க்க வேண்டும் என்பதே அதன் முக்கியமான நிபந்தனையாக இருந்தது. அந்தத் தூய்மை கெட்டு ஈயம் போன்ற மாசு கலந்தால், உலோகத்தின் நுண்மணிகளுக்கு இடையே அரிப்புத் தொடங்கி, வார்ப்பு உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, இறுதியில் விரலால் நொறுக்கக்கூடிய நிலைக்கு வந்துவிடும். சேகரிப்பாளர்கள் இதைச் சிங்க் பெஸ்ட் என்கிறார்கள்.

இந்தச் சிதைவுக்கு மருந்து கிடையாது. இது ஒரு வண்டியிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றுவதும் இல்லை. வார்த்த நாளிலேயே விதை உள்ளே இருக்கிறது, வெப்பமும் ஈரமும் அதை விரைவுபடுத்துகின்றன. பிரித்தானியாவின் லிவர்பூல் நகரில் மெக்கானோ நிறுவனம் 1930களில் வார்த்த டிங்கி வண்டிகள் பலவற்றை இது அழித்துவிட்டது. இரண்டாம் உலகப் போருக்கு முந்திய டிங்கி ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கித் திருகோணமலையில் வைத்திருக்க நினைப்பவருக்கு என் ஆலோசனை, வேண்டாம் என்பதே. அத்தகைய வண்டி குளிர்நாட்டிலேயே அபாயத்தில் இருக்கிறது. நமது வெப்பத்திலும் ஈரத்திலும் அதன் ஆயுள் இன்னும் குறுகும்.

இரண்டாம் படி: அளவும் கருப்பொருளும்

அளவைத் தெரிவுசெய்வது உண்மையில் இடத்தைத் தெரிவுசெய்வதாகும். 1:64 அளவுக் கார், அதாவது உண்மையான காரின் 64இல் ஒரு பங்கு நீளமானது, ஏறத்தாழ 7 சென்றிமீற்றர். 1:43 அளவுக் கார் ஏறத்தாழ 10 சென்றிமீற்றர். 1:18 அளவுக் கார் 25 சென்றிமீற்றர் வரை போகும். லொறிகளுக்கு 1:50 வழக்கம். பஸ்களுக்குப் பிரித்தானியத் தயாரிப்பாளர்கள் 1:76 அளவை விரும்புகிறார்கள். உண்மையில் பதினாறரை மீற்றர் நீளமான கொள்கலன் லொறி 1:50 அளவில் 33 சென்றிமீற்றர் ஆகிவிடும் என்பதால், காற்றுப்புகாத பெட்டியினுள் அதை வைப்பது எளிதல்ல. 1:43 என்ற சற்று விசித்திரமான எண், ஓர் அடிக்கு 7 மில்லிமீற்றர் என்ற பிரித்தானிய மாதிரி ரயில் அளவிலிருந்து வந்தது. ரயில் நிலையத்தின் பக்கத்தில் நிறுத்துவதற்காக வார்க்கப்பட்ட வண்டிகளே டிங்கியின் தொடக்கம். இங்கே தொடங்குபவருக்கு 1:64 அல்லது 1:43 பொருத்தமானது. மூடியிறுகிய ஒரு சிறு பெட்டியில் இருபது வண்டிகளை அடக்கிவிடலாம்.

கருப்பொருள் இல்லாத சேகரிப்பு விரைவில் கையை மீறும். வெளிநாட்டுப் பந்தயக் கார்களைத் தேடுவோரை நான் குறைசொல்லவில்லை. ஆனால் நம் தெருக்களில் ஓடிய வண்டிகளைத் தேடும் சேகரிப்புக்குத் தனிப் பெறுமதி உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அதற்கான பொருள் தாராளமாக இருக்கிறது. இலங்கையில் இன்றும் ஓடும் மொரிஸ் மைனரை மேட்ச்பொக்ஸ் நிறுவனம் 1958இல் தன் பட்டியலில் 46ஆம் இலக்கமாக வார்த்தது. ஒஸ்ரின் ஏ50 கேம்பிரிட்ஜ் அதே வரிசையில் 36ஆம் இலக்கம். மொரிஸ் ஒக்ஸ்போர்ட்டை டிங்கி 1950இல் வெளியிட்டது. வயல்களில் உழுத மஸ்ஸி பெர்குசன் 65 உழவு இயந்திரத்தைக் கோர்கி 1959இல் 50ஆம் இலக்கமாக வார்த்தது. 1958 சனவரி 1ஆம் திகதி தொடங்கிய இலங்கைப் போக்குவரத்துச் சபை (இ.போ.ச.), லண்டனில் ஓடி ஓய்ந்த ஆர்.டி. வகை இரட்டைத்தட்டு பஸ்களைப் பெருமளவில் வாங்கியது, அதே ஆர்.டி. பஸ்ஸை இ.எப்.இ. நிறுவனம் 1:76 அளவில் பல வர்ணங்களில், வரையறுத்த எண்ணிக்கையில் வெளியிட்டிருக்கிறது. இன்றைய தெருக்களை நாடுபவருக்கு ஜப்பானின் டொமிக்கா லிமிட்டெட் விண்டேஜ் வரிசையில் இசுசு எல்ப் லொறியும் டொயோட்டா ஹைஏஸ் வானும் கிடைக்கின்றன.

நகரின் போர்க்கால வரலாற்றைக் கருப்பொருளாகக் கொள்வதும் பொருத்தமே. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் தாக்கிய துறைமுகம் இது. பிரித்தானியக் கடற்படை 1957 வரை இங்கே தளம் வைத்திருந்தது. டிங்கி 1950களில் வெளியிட்ட இராணுவ வரிசையில் உள்ள 621ஆம் இலக்க மூன்று தொன் பெட்போர்ட் லொறியும், 688ஆம் இலக்கப் பீரங்கி இழுவை வண்டியும் போர்க்கால வாகனங்களின் மாதிரிகளே. போருக்குப் பின் வார்க்கப்பட்டவை ஆகையால் இவற்றின் உலோகமும் பெரும்பாலும் உறுதியானது. சீனக்குடாவில் மாவுத் தொழிற்சாலைக்கும் எண்ணெய்க் குதங்களுக்கும் செல்லும் பவுசர்களையும் கொள்கலன் லொறிகளையும் பார்த்து வளர்ந்தவர்கள் 1:50 அளவில் நெதர்லாந்தின் டபிள்யூ.எஸ்.ஐ., டெக்னோ, ஜேர்மனியின் கொன்ராட் ஆகிய தயாரிப்புகளைப் பார்க்கலாம். இந்த நிறுவனங்கள் ஐரோப்பியப் போக்குவரத்துக் கம்பனிகளின் வர்ணங்களில் சிறு எண்ணிக்கையில் வெளியிடும் லொறிகள், வேலைப்பாட்டில் நான் பார்த்தவற்றுள் மிகச் சிறந்தவை. விலையும் அதற்கேற்ப இருக்கும்.

மூன்றாம் படி: ‘லிமிட்டெட்’ என்ற சொல்லுக்குப் பின்னால் இருப்பது என்ன?

பெட்டியில் ‘லிமிட்டெட் எடிஷன்’ என்று அச்சிட்டிருப்பதால் மட்டும் ஒரு வண்டி அரிதாகிவிடுவதில்லை. அந்தச் சொல்லின் பின்னால் பல வகையான ஏற்பாடுகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்தறியாமல் பணம் கொடுக்கக்கூடாது.

தெளிவான வகை, எண்ணிட்ட பதிப்பு. மொத்தம் எத்தனை வார்க்கப்பட்டன, இது எத்தனையாவது என்பதைச் சான்றிதழ் அட்டையிலோ அடித்தட்டிலோ தயாரிப்பாளரே குறித்திருப்பார். கோர்கியின் வான்கார்ட்ஸ் வரிசையிலும் பிற பிரித்தானிய வரிசைகளிலும் இத்தகைய அட்டைகளைக் காணலாம். இங்கே கவனிக்க வேண்டியது மொத்த எண்ணிக்கை: ஓராயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் இடையே சந்தையில் பெரிய வேறுபாடு உண்டு. 1980களிலும் 1990களிலும் பழைய வான்கள், பஸ்கள் போன்றவற்றை இச்சொல்லோடு ஏராளமாக வார்த்துத் தள்ளினார்கள். அவற்றை வாங்கியவர்கள் எல்லோரும் பெட்டி கசங்காமற் காத்து வைத்ததால், இன்றும் அவை புதிது போலவே மலிவாகக் கிடைக்கின்றன.

அடுத்த வகை, சாதாரணத் தொகுதிக்குள் அறிவிப்பின்றிக் கலந்து வரும் வேட்டை வண்டிகள். ஹொட் வீல்ஸ் 1995இல் டிரெஷர் ஹன்ட் வரிசையைத் தொடங்கியபோது, பன்னிரண்டு வண்டிகளை ஒவ்வொன்றும் 10,000 என்ற எண்ணிக்கையில் வெளியிட்டது. 2007இல் இருந்து அதற்கு இரண்டு தரங்கள் உண்டு. உயர்ந்த தரமான சூப்பர் டிரெஷர் ஹன்ட், ஒளிபுகும் ஸ்பெக்ட்ராபிளேம் வர்ணமும் உண்மையான இறப்பர்ச் சில்லுகளும் கொண்டது. கிரீன்லைட் நிறுவனத்தின் வேட்டை வண்டிகளில் பச்சைப் பாகங்கள் இருக்கும். ஜொனி லைட்னிங்கில் வெள்ளைச் சில்லுகள். மினி ஜி.டி.யும் எம்2 மெஷீன்ஸும் இதே முறையைப் பின்பற்றுகின்றன. இவற்றுக்குத் தனி எண்ணோ சான்றிதழோ இல்லாததால், அடையாளங்களைத் தெரிந்திருப்பதே ஒரே பாதுகாப்பு. டொமிக்கா லிமிட்டெட் விண்டேஜின் பெயரிலும் அந்தச் சொல் இருக்கிறது. அது 2004இல் தொடங்கிய வரிசையின் பெயரே தவிர, எண்ணிட்ட பதிப்பு என்பதற்கான உறுதி அல்ல.

இனி, வர்ணம் மாற்றியவை. பிரித்தானியச் சேகரிப்பாளர் இவற்றை மூன்று குறியீடுகளாகப் பிரிப்பார்கள். தொழிற்சாலையிலிருந்து அப்படியே வந்தது கோட் 1. தயாரிப்பாளரின் அனுமதியோடு வெளியார் மாற்றியது கோட் 2. அனுமதியின்றி மாற்றியது கோட் 3. வேறொரு பஸ்ஸுக்கு நமது இ.போ.ச. சிவப்பு வர்ணத்தையும் பெயரையும் யாராவது அழகாக இட்டால் அது கோட் 3. அதை விரும்பி வாங்குவதிற் பிழையில்லை. நான் அத்தகைய வேலையை மதிக்கிறேன். ஆனால் கோட் 1 விலைக்கு வாங்கக்கூடாது.

வரையறுத்த பதிப்பு என்று என்றுமே அழைக்கப்படாத வண்டிகள்தாம் பல வேளைகளில் மிக அரிதானவை. ஹொட் வீல்ஸ் 1969இல் வொக்ஸ்வாகன் பீச் பொம் வண்டியைப் பின்பக்கத்தால் அலைச்சறுக்குப் பலகைகளைச் செருகும்படி மாதிரிக்குச் செய்து பார்த்தது. அது ஒடுங்கியதாகவும் மேற்பாரம் கூடியதாகவும் இருந்ததால் ஓட்டப்பாதையின் உந்து கருவியிற் சரியாக ஓடவில்லை. எனவே பக்கவாட்டில் அகலமாக்கி மறுபடி வார்த்தார்கள். கடைக்கே வராத அந்த முதல் மாதிரிகளில் இளஞ்சிவப்பு நிறமானது, உலகின் மிக விலையுயர்ந்த ஹொட் வீல்ஸ் வண்டியாக அறியப்படுகிறது. அச்சிட்ட எண்ணை விட, எஞ்சியிருக்கும் எண்ணிக்கையும் அதைத் தேடுவோரின் எண்ணிக்கையுமே விலையை ஆக்குகின்றன.

நான்காம் படி: திருகோணமலைக்குக் கொண்டுவருதல்

நகரத்து விளையாட்டுப் பொருட் கடைகளிலும் பேரங்காடிகளிலும் சாதாரண ஹொட் வீல்ஸ், மேட்ச்பொக்ஸ் வண்டிகள் தொங்கும். அவற்றிடையே வேட்டை வண்டி இருக்கக்கூடும் என்பதால் அட்டைகளைப் பொறுமையாகப் பார்ப்பது நல்லது. கொழும்பு புறக்கோட்டையில் தெரிவு அதிகம், போலியும் அதிகம். எண்ணிட்ட பதிப்புகள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்தே வரவேண்டும். தபாலில் வரும் பொதி கொழும்பு மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்கப் பரிசோதனைக்கு உட்படலாம். வண்டியின் விலை, அனுப்பும் செலவு, வரி மூன்றையும் கூட்டிய பின்னரே அது மலிவா என்று முடிவுசெய்ய வேண்டும். பொருளின் உண்மையான பெறுமதியைக் குறிக்கும்படி விற்பவரிடம் சொல்லுங்கள். குறைத்து எழுதினால் சுங்கத்திலும் சிக்கல், பொதி தொலைந்தால் இழப்பீட்டிலும் சிக்கல்.

நம்மவர்க்கு இருக்கும் சிறந்த வழி, லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் உறவினர். விடுமுறைக்கு வரும் சித்தப்பாவோ மச்சாளோ கைப்பொதியில் நான்கு வண்டிகளைக் கொண்டுவருவது எந்தக் கூரியரையும் விடப் பாதுகாப்பானது. ஆனால் அவர்களுக்கு இரண்டு விடயங்களை முன்கூட்டியே விளக்க வேண்டும். வாங்க வேண்டியதன் படம், இலக்கம், நீங்கள் கொடுக்கக்கூடிய உச்ச விலை ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அதைவிட முக்கியமாக, பயணப்பெட்டியில் இடம் மிச்சம் பிடிப்பதற்காக வண்டியைக் கழற்றி எடுத்துவிட்டுப் பெட்டியை எறிய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்லுங்கள். நல்ல நோக்கத்தோடு செய்யப்படும் அந்தக் காரியத்தால் அட்டைப்பெட்டியும் சான்றிதழும் போய்விட்டால், வண்டியின் சந்தை விலையிற் பெரும்பகுதியும் போய்விடும். அட்டையில் ஒட்டிய ஹொட் வீல்ஸ் என்றால், அட்டை வளையாமலிருக்கக் கடினப் பிளாஸ்டிக் உறை ஒன்றையும் சேர்த்து வாங்கச் சொல்லலாம்.

விலையைத் தீர்மானிக்கும்போது இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்க்காமல், விற்று முடிந்த தொகைகளைப் பாருங்கள். மார்கழி, தை மாதங்களில் மழைக்குள் பொதி காத்துக் கிடக்க நேரிடலாம். அக்காலத்தில் வருவதாயிருந்தால் உள்பெட்டியைப் பொலித்தீனால் முழுதாகச் சுற்றிய பின் வெளிப்பெட்டியில் வைக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பணம் கொடுக்குமுன் ஆராய்தல்

நான்கு பக்கங்கள், அடித்தட்டு, சில்லுகள், பெட்டியின் இரு முனை மடிப்புகள், சான்றிதழில் உள்ள எண் ஆகியவற்றின் தெளிவான படங்கள் இல்லாமல் எதையும் வாங்க வேண்டாம். தர மறுப்பவரை விட்டுவிடுங்கள்.

அடித்தட்டைப் பிடித்திருக்கும் தறையாணிதான் பழைய வண்டியின் வரலாற்றைச் சொல்லும். தொழிற்சாலையில் முனை விரித்து அடித்த ஆணி ஒழுங்கான வட்டமாக, அடித்தட்டோடு ஒன்றிய நிலையில் இருக்கும். அதைத் துளைத்துக் கழற்றிப் பின்னர் ஒட்டியிருந்தால், நடுவில் துளையோ பசையோ பளபளக்கும் புதிய உலோகமோ தெரியும். அப்படித் திறக்கப்பட்ட வண்டி மறுபடி வர்ணம் பூசப்பட்டதாகவோ, சில்லு மாற்றப்பட்டதாகவோ இருக்கலாம். சாதாரண ஹொட் வீல்ஸுக்கு இறப்பர்ச் சில்லுப் போட்டுச் சூப்பர் டிரெஷர் ஹன்ட் என்று விற்பவர்கள் இருக்கிறார்கள். வர்ணத்தின் ஓரங்களில், கதவுக் கோடுகள் வர்ணத்தால் நிரம்பி மழுங்கியிருந்தால் அது இரண்டாம் பூச்சு.

பழைய பெட்டிகளைப் புதிதாக அச்சிட்டு விற்பதும் உண்டு. இதற்கு ஒரு புற ஊதா ஒளி டோர்ச் போதும். இக்காலக் கடதாசியில் வெண்மை கூட்டும் இரசாயனம் கலந்திருப்பதால் அவ்வொளியில் நீலமாக ஒளிரும். 1940களுக்கு முந்திய கடதாசி அவ்வாறு ஒளிராது. 1950களுக்குப் பின்னான பெட்டிகளுக்கு இச்சோதனை மட்டும் முடிவான சான்றாகாது. அச்சின் கூர்மையையும் அட்டையின் தடிப்பையும் உண்மையான ஒன்றோடு ஒப்பிட வேண்டும்.

சிங்க் பெஸ்டைப் பொறுத்தவரை, மெல்லிய மயிர்க்கோடுகள், வர்ணத்தின் கீழ் சிறு கொப்புளங்கள், வளைந்த கூரை, இறுகித் திறக்க மறுக்கும் கதவு ஆகியவை அறிகுறிகள். போருக்கு முந்தியவற்றில் மட்டுமே அது வரும் என்று எண்ண வேண்டாம். சென்ற சில பத்தாண்டுகளில் வார்த்த சில வண்டிகளிலும் அது வெளிப்பட்டிருக்கிறது.

நமது பிராந்தியத்திலேயே தேடக்கூடிய ஒரு வகையை இங்கே குறிப்பிடாமற் போக மனமில்லை. டிங்கியின் பழைய அச்சுகளை வாங்கிக் கல்கத்தாவில் நிக்கி டொய்ஸ் என்ற பெயரில் வார்த்தார்கள்; இந்தியாவில் லியோ-மட்டெல் பெயரில் வந்த ஹொட் வீல்ஸும் உண்டு. வர்ண வேலை சற்றுக் கரடுமுரடானது, பெட்டிகள் மெல்லியவை. இன்று உலகெங்கும் இவற்றைத் தேடுகிறார்கள்.

ஆறாம் படி: வந்த நாளில்

குளிரான சரக்கு அறையிலோ குளிரூட்டிய வாகனத்திலோ வந்த பொதியை உடனே திறந்தால், நமது ஈரக்காற்று குளிர்ந்த உலோகத்தின் மீது நீராகப் படியும். மூடியபடியே சில மணி நேரம் அறையில் வைத்து, வெப்பநிலை சமமான பின் திறக்க வேண்டும். திறந்தவுடன் வண்டியைச் சுற்றியுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாளையும், உடலைத் தொடும் பஞ்சு நுரையையும் அகற்றிவிடுங்கள். வர்ணத்தோடு ஒட்டியபடி நீண்டகாலம் இருக்கும் தாளின் கீழ் ஈரம் சிறைப்பட்டு வர்ணம் பொரியும். நுரை பழசாகிப் பிசுபிசுத்து உடலில் ஒட்டிக்கொள்ளும். அகற்றியவற்றை எறியாமல், பெயரெழுதித் தனியே வையுங்கள். அட்டைப்பெட்டிகளின் மடிப்புகளிற் பூச்சி முட்டைகள் இருக்கலாம் என்பதால், பழைய பெட்டிகளைச் சில வாரங்கள் மற்றவற்றிலிருந்து பிரித்து வைப்பது நல்ல பழக்கம்.

ஏழாம் படி: உப்பிலிருந்தும் ஈரத்திலிருந்தும் காத்தல்

கடலுப்புத் தூசு காற்றில் மிதந்து வந்து எல்லாவற்றின் மீதும் படிகிறது. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது, சோடியம் குளோரைட்டு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சித் தானும் கரைந்து, கண்ணுக்குத் தெரியாத உப்புநீர்ப் படலமாகிவிடும். அச்சாணி, திருகாணி, வர்ணம் உதிர்ந்த ஓரம் ஆகிய இடங்களில் அரிப்பு அங்கிருந்துதான் தொடங்குகிறது. வாடைக் காற்றோடு வடகீழ்ப் பருவமழை வரும் ஐப்பசி தொடக்கம் தை வரையான மாதங்களில் உப்பும் ஈரமும் கடலிலிருந்து ஒன்றாகவே வருகின்றன. ஆண்டின் நடுப்பகுதியில் வீசும் கச்சான் தரைப்பக்கத்திலிருந்து வருவது. வெப்பமும் புழுதியும் அதில் உண்டு, ஈரம் குறைவு. ஆகவே அலுமாரியைத் திறந்து செய்யவேண்டிய வேலைகள் எல்லாவற்றையும் கச்சான் காலத்தில் முடித்துவிட்டு, வாடைக் காலத்தில் மூடியே வைத்திருக்க வேண்டும் என்பது இந்த ஊருக்கான என் முதல் விதி.

அளக்காமல் ஈரத்தைக் கட்டுப்படுத்த முடியாது. சிறிய இலத்திரனியல் ஈரமானி ஒன்றைப் பெட்டியினுள் வையுங்கள். அது சரியாகக் காட்டுகிறதா என்பதை வீட்டிலேயே சோதிக்கலாம்: ஒரு சிறு மூடியில் சமையல் உப்பை எடுத்து, கரைந்துவிடாமற் சேறு போலாகும் அளவுக்கு மட்டும் நீர்விட்டு, ஈரமானியோடு காற்றுப்புகாத பையினுள் வைத்து எட்டு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டால், மானி 75 சதவீதம் காட்ட வேண்டும். மூன்று கூட்டிக் காட்டினால், இனி எப்போதும் மூன்றைக் கழித்துப் பாருங்கள். பெட்டியினுள் 40 முதல் 50 சதவீதம் வரை இருப்பது நல்லது. 60ஐத் தாண்ட விடக்கூடாது.

இறப்பர் விளிம்புள்ள, இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியும் அதனுள் சிலிக்கா ஜெல் பைகளும் மிகக் குறைந்த செலவில் மிக அதிகமான பாதுகாப்பைத் தருகின்றன. நிறம் மாறும் ஜெல்லை வாங்கினால், எப்போது நிரம்பியது என்பது தெரியும். செம்மஞ்சள் நிற வகையைத் தெரிவு செய்யுங்கள். நீல நிற வகையில் உள்ள கோபால்ட் குளோரைட்டு நச்சுத்தன்மையானது. நிரம்பியதை உணவுக்குப் பயன்படுத்தாத தட்டொன்றில் பரப்பி, ஏறத்தாழ 120 பாகை செல்சியசில் அவனில் சில மணி நேரம் வைத்து உலர்த்தினால் மீண்டும் பயன்படும். அரிசியையோ உப்பையோ இதற்குப் பதிலாக வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். அரிசி பூச்சியை அழைக்கும். உப்பு நாம் துரத்துகின்ற பகைவனே.

பார்வைக்கு வைக்க விரும்புவோருக்கு மரத்தூள் பலகையும் புதிய பிளைவுட்டும் பொருந்தா. அவை வெளியிடும் அசற்றிக், போமிக் அமில ஆவிகள் மூடிய அலுமாரியினுள் தேங்கி, ஈயத்தையும் நாகத்தையும் அரிக்கும். கண்ணாடியும் உலோகமும் சிறந்தவை. நகரில் மீன் தொட்டி செய்பவரிடம் அளவு சொல்லிக் கண்ணாடிப் பெட்டி செய்விக்கலாம். ஆனால் அவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் சிலிக்கன் பசை காயும்போது வினாகிரி மணம் வருமே, அதுவும் அசற்றிக் அமிலமே. நடுநிலை வகைச் சிலிக்கன் கேளுங்கள். கிடைக்காவிட்டால் மணம் முற்றாகப் போகும்வரை பெட்டியைத் திறந்தே வைத்திருங்கள். பெட்டியைக் கடற்பக்கச் சுவரிலிருந்தும் நேர் வெயிலிலிருந்தும் விலக்கி வையுங்கள். சிவப்பும் மஞ்சளும் வெயிலில் முதலில் வெளிறும். விளக்கு வேண்டுமானால் எல்.இ.டி. போதும், அதையும் பெட்டிக்கு வெளியே பொருத்துங்கள். இரவில் மட்டும் குளிரூட்டியை இயக்குவது ஈரப்பதனை ஏற்றி இறக்குவதால், திறந்த தட்டில் உள்ள வண்டிகளுக்கு அது நன்மையை விடத் தீமையே அதிகம் செய்யும்.

சில்லுகளைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். மென்மையான பிளாஸ்டிக் ரயர்களிலிருந்து கசியும் நெகிழ்வூட்டி, அதாவது பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்க்கும் இரசாயனம், வண்டி நிற்கும் தாங்கியின் கடினப் பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒட்டிக்கொள்ளும். அச்சாணிக்கு உள்பக்கமாகச் சிறு கட்டையை வைத்து, ரயர் எதையும் தொடாதபடி வண்டியை ஒரு மில்லிமீற்றர் உயர்த்தி நிறுத்தினால் இது நேராது. கரப்பானுக்கும் வெள்ளிப்பூச்சிக்கும் அஞ்சி நப்தலீன் உருண்டைகளைப் பெட்டியில் போட வேண்டாம். அவற்றின் ஆவி பொலிஸ்ரைரீன் பாகங்களை மென்மையாக்கிக் கெடுக்கும்.

2004 டிசம்பர் 26இன் பின் இந்த ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாத காரணத்துக்காக, கரையோர வீடுகளில் கீழ்த்தட்டில் எதையும் வைக்காதிருப்பதே முறை.

எட்டாம் படி: சுத்தம் செய்தல்

இங்கே சொல்ல அதிகம் இல்லை. மென்மயிர்த் தூரிகையால் தூசைத் தட்டுங்கள். உப்புப் படிந்திருந்தால் காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியால் ஒற்றியெடுத்து, உடனே உலர்த்துங்கள். கிணற்று நீரோ குழாய் நீரோ வேண்டாம். பற்பசை, மெருகேற்றும் பசை, எண்ணெய்த் தெளிப்பு ஆகியவற்றை வர்ணத்தின் அருகிற் கொண்டுவர வேண்டாம். பழைய வண்டியில் உள்ள சிறு உதிர்வைத் தொட்டுப் பூசுவது அதன் பெறுமதியைக் குறைக்கும், அப்படியே விடுங்கள். 1970களுக்கு முந்திய வர்ணங்களில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால், கையாண்டபின் கைகழுவுங்கள், சிறு பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பிள்ளைகள் விளையாடப் புதிய வண்டிகளை வாங்கிக் கொடுத்து, அவர்களையும் இந்த ஆர்வத்துக்குள் அழைத்து வரலாம்.

ஒன்பதாம் படி: பதிவேடு

ஒவ்வொரு வண்டிக்கும் ஓர் இலக்கம் கொடுத்து, தயாரிப்பாளர், பட்டியல் இலக்கம், அளவு, பதிப்பின் மொத்த எண்ணிக்கை, உங்கள் பிரதியின் எண், வாங்கிய இடமும் திகதியும், கொடுத்த ரூபா, வரி, பெட்டியின் நிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஆண்டுதோறும் கச்சான் காலப் பரிசோதனையில் ஒரே கோணத்தில் படமெடுத்து முந்திய ஆண்டின் படத்தோடு ஒப்பிட்டால், கண்ணுக்குத் தெரியாமல் வளரும் கொப்புளம் அங்கே தெரியும். சந்தேகமுள்ள வண்டியின் நீளத்தை வேணியர் இடுக்கிமானியால் அளந்து எழுதிவையுங்கள்; சிங்க் பெஸ்ட் உள்ள வார்ப்பு மெல்ல நீளும். பற்றுச்சீட்டுகளின் பிரதிகளும் படங்களும் வீட்டிலிருந்து தொலைவில், வெளியூரில் உள்ள உறவினரிடமோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும்.

பத்தாம் படி: மாற்றலும் விற்றலும்

கருப்பொருளுக்கு வெளியே நிற்கும் வண்டிகளை ஒதுக்கி, அவற்றை மாற்றியோ விற்றோ தேவையானதைப் பெறுவதே சேகரிப்பைச் செறிவாக்கும். விற்கும்போது உள்ள குறைகளை எல்லாம் படத்தோடு தெரிவியுங்கள். உள்நாட்டில் இத்துறையில் இருப்போர் சிலரே என்பதால் உங்கள் பெயர் விரைவில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். சான்றிதழின் படத்தை இணையத்தில் இடும்போது எண்ணின் கடைசி இலக்கத்தை மறையுங்கள். அதைப் பார்த்துப் போலி அட்டை அச்சிட இடம் கொடுக்கக்கூடாது. அனுப்பும்போது, அகற்றி வைத்திருந்த தொழிற்சாலைப் பொதியைத் திரும்பப் பொருத்தி, புதிய சிலிக்கா ஜெல் பை ஒன்றையும் வைத்து, உள்பெட்டி அசையாதபடி இரண்டாம் பெட்டியினுள் அடைத்து, மழையில்லாத நாளிற் கூரியரிடம் நேரிற் கொடுத்து, பற்றுச்சீட்டைப் பதிவேட்டில் அந்த வண்டியின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள்.